தொண்டாமுத்தூர்: வந்தவர்கள் கட்டிய ஊர்

கோயமுத்தூரிலிருந்து மேற்கே போனால் கட்டடங்கள் குறைந்து, பாக்குத் தோப்பும் வாழையும் தொடங்கும் இடத்தில் தொண்டாமுத்தூர். எதிரே வெள்ளிங்கிரி மலைத்தொடர். நொய்யல் பிறக்கும் சீமை; சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன மண்.

இந்தப் பக்கம் ஒரு நாள் சுற்றினால் நான்கைந்து மொழிகள் காதில் விழும். ஒக்கலிகக் கவுடர் வீட்டுக்குள் கன்னடம். நாயுடு வீட்டிலும் அருந்ததியர் தெருவிலும் தெலுங்கு. மலையடிவாரத்தில் இருளர் பேச்சு. விஜயநகர காலத்திலும் பின்னர் மைசூர் ஆட்சியிலும் வடக்கேயிருந்து இறங்கிவந்தவர்கள் காடு திருத்தி, கிணறு வெட்டி, தோட்டக்காரர் ஆனார்கள். அவர்களை இன்று வந்தேறி என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. இப்போது தோட்ட வேலைக்குப் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்குச் சொந்த ஊரில் ஓட்டு இருக்கிறது.

தமிழே பேசிக்கொண்டு வந்த ஒரு கூட்டம்தான் இன்னும் வெளியே நிற்கிறது. சிறுவாணி சாலையில், தொண்டாமுத்தூர் தொகுதிக்குள்ளேயே இருக்கும் பூலுவப்பட்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. இலங்கையில் 1983-இல் நடந்த கலவரத்துக்குப் பிறகு அலை அலையாகக் கடல் கடந்தவர்களில் ஒரு பகுதியினர் இவர்கள். தமிழ்நாட்டு முகாம்களில் கணிசமானோர் மலையகத் தமிழர். தேயிலைத் தோட்டக் கூலிகளாக இதே தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்குக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள். அங்கே 'இந்தியாக்காரர்', இங்கே 'சிலோன்காரங்க'. இந்த இரண்டு பெயரையும் ஒரே குடும்பம் சுமப்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

முகாம் ஆண்கள் பலருக்குப் பெயிண்ட் அடிப்பதுதான் பிழைப்பு. நகரத்துப் புது வீடுகளின் சுவரில் அவர்கள் கைவண்ணம் இருக்கிறது. பிள்ளைகள் இங்குள்ள பள்ளிகளில் படித்து, 'சரிங்க, ஆமாங்க' என்று கொங்குப் பேச்சில் வளர்ந்துவிட்டார்கள். ஆனால் 1987 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ இந்தியாவில் பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் குடியுரிமை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையின் பெயர் இல்லை. அந்தத் தேதிக்கு முன்னால் பிறந்தவருக்கே வழி எளிதாக இருக்கவில்லை: 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் உயர் நீதிமன்றம் போய்த்தான் பாஸ்போர்ட் வாங்கினார். 2024 மக்களவைத் தேர்தலில் முதல்முறையாக ஓட்டும் போட்டார்.

2021-இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. புது வீடுகளும் அறிவித்தது. நல்ல காரியம். ஆனாலும் முகாம் முகாம்தான்.

கன்னடம் பேசியவரையும் தெலுங்கு பேசியவரையும் எந்தக் காகிதமும் கேட்காமல் ஊர்க்காரர் ஆக்கிய மண் இது. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு நம் வாசலுக்கு வருகிறவர்களிடம், ஓட்டு இல்லாத பூலுவப்பட்டி முகாம்காரர்களுக்காக நாம்தான் கேட்க வேண்டும்.