உளுத்துப் போனது எது?

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறப்போ, அங்க உங்க தாத்தா காலத்து வீடு இன்னும் நின்னுட்டு இருந்தா, ஃபோன் டார்ச்சைப் போட்டு கதவு, ஜன்னல், தூண், உத்தரம் எல்லாத்தையும் கிட்டப் போய்ப் பாருங்க. குண்டூசியால குத்தின மாதிரி சின்னச் சின்ன ஓட்டை இருக்கா? கீழ தரையில மாவு மாதிரி ஏதாவது கொட்டியிருக்கா? இருந்தா உடனே யாருக்கும் ஃபோன் பண்ணிடாதீங்க. முதல்ல இதைப் படிச்சிடுங்க.

எங்க அப்பத்தா வீடு தேவகோட்டை பக்கம் ஒரு கிராமத்துல இருக்கு. உடனே பெரிய செட்டிநாட்டு மாளிகைன்னு கற்பனை பண்ணாதீங்க. ஓட்டு வீடு, ஒரு முற்றம், நாலு மரத்தூண், வாசல்ல ஒரு பர்மா தேக்குக் கதவு. அவ்வளவுதான். போன வருஷம் ஜன்னல் ஓரத்துல மாவு கொட்ட ஆரம்பிச்சது. சித்தப்பா பூச்சி மருந்து அடிக்கிற ஒருத்தரைக் கூப்பிட்டார். வந்தவர் பத்து நிமிஷம் சுத்திப் பார்த்துட்டு, "எல்லா மரமும் உளுத்துப் போச்சு சார், வீடு முழுக்க அடிக்கணும்"னு 48,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் கொடுத்தார். அதைப் பார்த்ததும் சித்தப்பாவுக்கு வேற கணக்கு ஓடுச்சு. இவ்வளவு செலவு பண்றதுக்கு, கதவு கெட்டுப் போறதுக்கு முன்னாடி அதைக் கழட்டி வித்துட்டா என்ன? காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போயிருந்தீங்கன்னா தெரியும், இப்படி வீடுகள்ல இருந்து வந்த சாமான்களை விக்கிற கடைகள் அங்க எத்தனை இருக்குன்னு. அப்பத்தா எதிர்த்து ஒண்ணும் சொல்லல. அன்னிக்கு ராத்திரி சாப்பிடல, அவ்வளவுதான்.

நான் சிவில் ஃபைனல் இயர். பில்டிங் மெட்டீரியல்ஸ் பேப்பர்ல மரத்துக்குக் கொஞ்சம் பக்கம் இருக்கும், நம்ம எல்லாரும் எக்ஸாமுக்கு முந்தின நாள் படிச்சிருப்போம். இங்கிலீஷ் மீடியத்துல படிச்சதால 'சாப்வுட்', 'ஹார்ட்வுட்'னுதான் எனக்குத் தெரியும். அந்த ஊர் ஆசாரி வந்து ஸ்க்ரூடிரைவரால ரெண்டு இடத்துல குத்திப் பார்த்துட்டு, "வைரத்துல கை வைக்காது பாப்பா, வெள்ளையைத்தான் திங்கும்"னு சொன்னார். ரெண்டு பக்க நோட்ஸை ஒரே வரியில முடிச்சிட்டார்.

அவர் சொன்னதுக்குப் பின்னாடி இருக்கிற விஷயம் இதுதான். மாவு கொட்ட வைக்கிறது கரையான் இல்லை, லிக்டஸ்னு ஒரு குட்டி வண்டு. தாய் வண்டு மரத்தோட நுண்ணிய குழாய்களுக்குள்ள முட்டை போடும். புழு உள்ளேயே இருந்து மரத்தைத் திங்கும். அதுக்கு வேண்டியது மரத்துல இருக்கிற ஸ்டார்ச். ஸ்டார்ச் இருக்கிறது வெளிப்பக்க வெள்ளைப் பகுதியில மட்டும்தான். நடுவுல இருக்கிற வைரத்துல அதுக்குச் சாப்பாடே இல்லை. அந்த வெள்ளையிலயும் வருஷம் போகப் போக ஸ்டார்ச் குறைஞ்சுடும். அதனால லிக்டஸ் பெரும்பாலும் தேடுறது புது மரத்தைத்தான். இன்னொண்ணு, நாம பார்க்கிற ஓட்டை வண்டு உள்ள போன வழி இல்லை. வளர்ந்து முடிச்சு வெளிய வந்த வழி. அதாவது ஓட்டையை நீங்க பார்க்கிறப்போ, அதைப் போட்ட வண்டு கிளம்பிப் போயாச்சு.

இப்போ எங்க ஜன்னலுக்கு வருவோம். 2018 கஜா புயல்ல அந்தப் பக்கம் ஓடெல்லாம் பறந்து, ஜன்னலும் உடைஞ்சது. அடுத்த வருஷம் புதுச் சட்டம் போட்டாங்க. தேக்குன்னு சொல்லித்தான் வித்தாங்க, அதுல பொய் இல்லை. ஆனா சின்ன வயசு மரம், பாதிக்குப் பாதி வெள்ளை. மாவு கொட்டினது அதுல இருந்துதான். பர்மா தேக்குக் கதவுலயும் ஓட்டை இருந்தது, ஆனா ஒரு ஓரத்துல, வெள்ளை இருந்த மெல்லிசான பட்டையில மட்டும். டார்ச் அடிச்சுப் பார்த்தா, அந்த ஓட்டைகளுக்குள்ள பழைய பச்சை பெயிண்ட் இறங்கியிருக்கு. பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடியே வந்த ஓட்டை! அந்த பெயிண்ட் அப்பா ஸ்கூல் படிச்சப்போ அடிச்சது. பழைய வீடு உளுத்துப் போச்சுன்னு எல்லாரும் பேசிட்டு இருந்தாங்க, உளுத்தது வீட்டுலயே புதுசா இருந்த மரம்.

கொட்டுறதைக் கையில எடுத்து விரலால தேய்ச்சும் பார்த்துடுங்க. முகப் பவுடர் மாதிரி வழவழன்னு இருந்தா லிக்டஸ். கசகசா மாதிரி சின்னச் சின்ன மணியா உருண்டா அது வேற கேஸ், மரத்துக்குள்ளயே குடியிருக்கிற கரையான். அது பழைய மரத்தையும் விடாது, வைத்தியமும் வேற.

இந்த ஸ்ப்ரே வியாபாரம் எங்க ஆரம்பிச்சதுன்னு தேடினப்போ லண்டன்ல போய் நின்னேன். வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலோட ஓக் மரக் கூரை 1390-கள்ல கட்டினது. 20-ம் நூற்றாண்டு ஆரம்பத்துல ஏறிப் பார்த்தா, 'டெத்வாட்ச்'ங்கிற வண்டு பெரிய பெரிய உத்தரங்களையே உள்ள கூடாக்கி வச்சிருந்தது. அதுக்கு மருந்து தேடினவர் ஹெரால்ட் மேக்ஸ்வெல் லெஃப்ராய். அவர் அதுக்கு முன்னாடி நம்ம நாட்டுல, பீகார் பூசாவுல, அரசாங்கத்தோட தலைமைப் பூச்சியியலாளரா இருந்தவர். அவர் கண்டுபிடிச்ச திரவத்துல இருந்துதான் ரென்டோகில் கம்பெனியே வந்தது. 1925-ல லேப்ல விஷ வாயு பரிசோதனை பண்ணிட்டு இருந்தப்போ அதுவே அவர் உயிரை எடுத்துடுச்சு. அந்த வண்டு பத்தி ஒரு விஷயம் கவனிங்க: அது தேடிப் போறது ஈரத்துல பூஞ்சை பிடிச்ச ஓக் மரத்தை. ஒழுகிற கூரையைச் சரி பண்ணாம மருந்து மட்டும் அடிச்சா, வண்டுக்குப் பந்தி அப்படியேதான் இருக்கும்.

எங்க வீட்டுல என்ன பண்ணினோம்னா, உளுத்த ஜன்னல் சட்டத்தைக் கழட்டி எரிச்சாச்சு. பக்கத்து மரங்கள்ல பெயிண்டைச் சுரண்டி எடுத்துட்டு, மரத்துக்குன்னே விக்கிற போரான் கலவையை லேபிள்ல இருந்த அளவுல ரெண்டு மூணு கோட் அடிச்சோம். போரான்னா ஏதோ புதுசுன்னு நினைக்காதீங்க, நாட்டு மருந்துக் கடை வெண்காரத்துல இருக்கிற அதே சமாச்சாரம்தான். பெயிண்ட் மேலேயே அடிச்சா உள்ள இறங்காது. மழை படுற இடத்துல கரைஞ்சு போயிடும், அதனால காய்ஞ்சதும் மேல பெயிண்ட் வேணும். கிளவுஸ் கட்டாயம். பக்கத்து வீட்டுல மண்ணெண்ணெய் ஊத்தச் சொன்னாங்க. அது ஆவியாப் போயிடும், நெருப்புப் பயம்தான் மிச்சம். அப்புறம் ஒழுகின இடத்துல ஏழு ஓடு மாத்தினோம். எல்லாம் சேர்த்து, புது ஜன்னலோட, கொட்டேஷன்ல பாதிகூட வரல.

கதவுக்கு எதுவும் அடிக்கல. ஓட்டை இருக்கிற ஓரம் முழுக்க மெல்லிசான பேப்பரை ஒட்டி, மேல தேதி எழுதி வச்சிருக்கேன். உள்ள புழு இருந்தா, வண்டாகி வெளிய வர்றப்போ பேப்பரையும் ஓட்டை போட்டுத்தான் வரணும். லிக்டஸ் சில மாசத்துலயும் வளரும், ஒரு வருஷம் தாண்டியும் எடுத்துக்கும். அதனால ஒன்றரை வருஷம் கேட்டிருக்கேன். சித்தப்பா சரின்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. ஒட்டி எட்டு மாசம் ஆச்சு. அப்பத்தா தினமும் வாசத் தெளிச்சுக் கோலம் போட்டுட்டு, பேப்பரைத் தடவிப் பார்த்துட்டுத்தான் உள்ள போறாங்களாம். ஞாயித்துக்கிழமை ஃபோன் பண்றப்போ முதல் வார்த்தையே அதுதான்: "ஒரு ஓட்டையும் இல்லத்தா."