ஆப்டிமைஸ்டு அவுட்!

புனேயில ஆணி பிடுங்குற மக்களுக்குத் தெரியும், பொங்கலுக்கு ரயில் டிக்கெட் கிடைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு. கிடைச்ச வருஷம் பார்த்து, கிளம்புற அன்னைக்கு என் சி++ புரோகிராம் கிராஷ்.

ஜிடிபியில 'பிரிண்ட் *திஸ்' அடிச்சா 'ஆப்டிமைஸ்டு அவுட்'னு கையை விரிக்குது. -ஓ2 போட்டு கம்பைல் பண்ணினா அப்படித்தான். மதிப்பு ரிஜிஸ்டர்ல இருந்திருக்கும். வேலை முடிஞ்சதும் அங்கே வேற ஆள் குடிவந்துடும். -ஓ0 போட்டா எல்லாம் தெரியுது, கிராஷ்தான் ஆகலை (டாக்டரைப் பார்த்ததும் பல்வலி போற கதை).

கடைசியில 'அப்' அடிச்சு, கூப்பிட்ட ஃபங்ஷனுக்குப் போய் அங்கிருந்து ஆப்ஜெக்டைப் பார்த்தேன். எண்ணிக்கை வேரியபிள்ல குப்பை. கன்ஸ்ட்ரக்டர்ல ஜீரோ போட மறந்தது அடியேன்தான்.

ரயில் அப்போ சோலாப்பூர் தாண்டியிருக்கும். அம்மாவுக்குப் போன் பண்ணினேன். "கரும்பு நேத்தே வாங்கிட்டார்டா உங்கப்பா"ன்னாங்க.