பலகையும் பாலமும்

2024 தீபாவளிக்கு முந்தைய வாரம். விடுமுறைக்கு வீடு வந்திருந்தேன். ஓவனில் பிஸ்கட், கெட்டிலில் தண்ணீர், சோற்றுப் பானை, பக்கத்தில் இஸ்திரிப்பெட்டி. நான்கும் ஒன்றாக ஓட, பிரேக்கர் மூன்றாவது முறையாக விழுந்தது.

மறுநாள் அப்பா கடையிலிருந்து புதிய பிரேக்கரோடு வந்தார்.

"இருபதுதாம்மா போட்டிருக்கானுங்க, பத்தல. இது முப்பத்திரண்டு. மாத்திட்டா சரியாயிடும்."

நான் மின்பொறியியல் மாணவி. பழைய பிரேக்கரின் முகத்தில் 'சி20' என்றிருந்தது. 20 என்பது அது தொடர்ந்து தாங்கும் ஆம்பியர். 'சி' என்பது மோட்டார் கிளம்பும்போது வரும் திடீர் இழுப்பைப் பொறுத்துக்கொண்டு, 5 முதல் 10 மடங்குக்குள் உடனே துண்டிக்கும் வகை. கீழே கட்டத்துக்குள் 6000. ஷார்ட் சர்க்கியூட் ஆனால் 6,000 ஆம்பியர் வரை பத்திரமாகத் துண்டிக்கும் என்று பொருள்.

கணக்கும் போட்டேன். நான்கு பொருள்களும் சேர்ந்து 7,300 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 32 ஆம்பியர். புதிய பிரேக்கர் விழவே விழாது! ஆனால் சுவருக்குள் அந்தப் பிளக்குகளுக்கு ஓடுவது 2.5 சதுர மில்லிமீட்டர் ஒற்றைக் கம்பி. சூடேறி, உறை உருகி, தீப்பிடிக்கலாம்.

இதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. தமிழ்ப்பள்ளியில் தொடர் சுற்று, இணைச் சுற்று என்று படித்தவள் நான். பிறகு மலாய், பிறகு ஆங்கிலம். "ஓவர்லோட்... கேபிள் ரேட்டிங்..." என்று திணறினேன்.

"படிச்ச பிள்ளை பேசுறது நமக்கெங்க புரியுது" என்றபடி அப்பா மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் திருப்புளியை எடுத்தார்.

அப்பா லோரி ஓட்டுநர். சட்டென்று கேட்டேன்:

"அப்பா, பாலத்துல 20 டன்னுனு பலகை இருக்கு. அதைக் கழற்றி 32னு மாட்டிட்டா, பாலம் தாங்குமா?"

அவர் கை நின்றது. "அப்போ, கம்பிதான் பாலமா?"

"ஆமாப்பா. பிரேக்கர் காப்பாத்துறது கம்பியை. கம்பி தாங்குற அளவுக்கு மேல பிரேக்கர் போடக்கூடாது."

திருப்புளி மேசைக்குத் திரும்பியது. இரண்டு நாளில் பதிவுபெற்ற ஒயர்மேன் வந்து ஓவனுக்குத் தனிக் கம்பியும் தனிப் பிரேக்கரும் போட்டார். இஸ்திரியை அம்மா கூடத்துக்கு மாற்றிவிட்டார்.

தோழர்களே, அடுத்த விடுமுறையில் உங்கள் வீட்டுப் பிரேக்கர் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். நாம் படித்ததை வீட்டில் உள்ளவர்களுக்குப் புரியும் தமிழில் சொல்லுங்கள். பல்கலைக்கழகத் தேர்வில் இதே கேள்விக்கு நான் முழு மதிப்பெண் வாங்கியவள்தான். ஆனாலும் அப்பாவிடம் தேறியது அன்றுதான்.