விளையாட்டும் வியாபாரமும்

சென்ற மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. உக்குவளையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். உள்ளறையிலிருந்து என் பேரனின் குரல் வீரிட்டெழுந்தது.

"ஐயோ, அப்பா சாகப் போறாரு! அப்பா சாகப் போறாரு!"

என் மகன் கத்தார் நாட்டில் தொழில் பார்ப்பவன். கட்டட வேலை. அவனைப் பற்றி எந்த நேரத்தில் என்ன செய்தி வருமோ என்ற அச்சம் எப்பொழுதும் என் நெஞ்சின் ஒரு மூலையில் குடியிருப்பது. மூக்குக்கண்ணாடி கீழே விழுந்ததையும் பாராமல் உள்ளே ஓடினேன். அடுக்களையிலிருந்து மருமகளும் ஓடிவந்தாள். பேரனோ கட்டிலில் குப்புறப் படுத்தபடி கைத்தொலைபேசியை இரு கைகளாலும் பற்றியிருந்தான். திரையிலே சிப்பாய் உருவம் ஒன்று முழந்தாளிட்டுக் கிடந்தது.

"கொஞ்சம் பொறுங்க தாத்தா. மருந்து போட்டா எழும்பிடுவாரு" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அப்பொழுது அக்கருவியிலிருந்து என் மகனின் குரல் எழுந்தது. "டேய், என்னைப் பார்க்காத. நீ ஓடித் தப்பிச்சுக்க!"

எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒருங்கே வந்தன. அவ்விரண்டும் அடங்கிய பின்னர் வெட்கமும் வந்தது. ஏனெனில் முந்திய மூன்று மாதங்களாக அந்த விளையாட்டை நிறுத்த வேண்டுமென்று வீட்டில் ஓயாது வாதாடியவன் நான். பையன் காதில் ஒலிவாங்கியைச் செருகிக்கொண்டு யாருடனோ முணுமுணுத்து விளையாடுவான். அன்று அது பழுதாகிவிட்டமையால் உண்மை வெளிப்பட்டது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இங்கே மாலை ஆறு மணியாகும்போது அங்கே பிற்பகல் மூன்றரை. அது அந்நாட்டின் விடுமுறை நாள். அந்த நேரத்திலே தகப்பனும் மகனும் ஒரு கற்பனைத் தீவில் சந்தித்து, தோளோடு தோள் நின்று ஓடியாடி வந்திருக்கின்றனர். "உங்களுக்குப் பிடிக்காதுன்னுதான் மாமா சொல்லல" என்றாள் மருமகள்.

நிற்க. இளையோரின் பொழுதுபோக்கைப் பழிப்பது முதியோரின் பழைய வழக்கம். அறுபதுகளில் நான் மாத்தளையில் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, எங்கள் தெருவிலே வானொலிப் பெட்டி உள்ள வீடு ஒன்றே ஒன்று. இலங்கை வானொலியில் எஸ். பி. மயில்வாகனத்தின் குரலைக் கேட்பதற்காக அவ்வீட்டு வேலியோரம் நின்ற கூட்டத்தில் நானும் ஒருவன். கடல் கடந்து தமிழகத்திலும் அக்குரலுக்குச் செவி சாய்த்தவர்கள் ஏராளம். என் தந்தையாரோ, "பாட்டுப் பெட்டிக்கு முன்னால் நின்றவன் உருப்பட்டதில்லை" என்பார். பிற்காலத்தில் பி. எச். அப்துல் ஹமீத் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியை அவரே சாய்வு நாற்காலியில் அமர்ந்து ரசித்தார். வானொலி மாறவில்லை. அருகே இருந்து கேட்டபின் அவர்தாம் மாறினார்.

பின்னர் தொலைக்காட்சி வந்தது. 1979 ஏப்ரலில் சுயாதீனத் தொலைக்காட்சி தொடங்கிற்று. 1982 பெப்ரவரி 15 அன்று, யப்பானிய அரசின் உதவியுடன், ரூபவாஹினி தன் ஒளிபரப்பை ஆரம்பித்தது. அக்காலத்தில் மின்சாரம் எட்டாத தோட்டங்களில் கார் பற்றரியை இணைத்துத் தொலைக்காட்சி பார்த்தார்கள். ஒரு லயத்தில் ஒரு பெட்டி இருந்தால், அதன் முன்னே நான்கு லயத்துச் சனங்கள் கூடியிருப்பார்கள்.

அவ்வாறு கூடிப் பார்த்தவற்றுள் இன்றும் என் நினைவில் நிற்பது 'ஓஷின்' என்னும் யப்பானியத் தொடர். 1983ஆம் ஆண்டிலிருந்து ஓராண்டு யப்பானில் ஒளிபரப்பான அத்தொடர், பதினைந்து பதினைந்து நிமிடங்களாக 297 பகுதிகள் கொண்டது. எண்பதுகளில் நம் நாட்டுக்கும் வந்து வீடுதோறும் பேசப்பட்டது. ஏழை உழவன் ஒருவன், ஒரு மூட்டை அரிசிக்காகத் தன் ஏழு வயது மகளைப் பிள்ளை தூக்கும் வேலைக்கு அனுப்பிவிடுகிறான். பனியில் நடக்கும் அச்சிறுமியைக் கண்டு எங்கள் தோட்டத்துத் தாய்மார் வாய்விட்டு அழுதார்கள். அதன் மொழி நம் மொழியன்று. ஆனால், பெற்ற மகளைக் கொழும்பு வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பிவிட்டு, தீபாவளிக்கு அவள் வருவாளா என்று பாதை பார்த்திருந்தவர்களுக்கு மொழிபெயர்ப்பு எதற்கு? நல்ல நிகழ்ச்சிக்கு நான் கொள்ளும் அளவுகோல் இதுதான். அது நம்மை நம் வாழ்விலிருந்து அகற்றிச் செல்லாமல், நம் வாழ்வையே சற்றுத் தள்ளி நின்று பார்க்கச் செய்ய வேண்டும்.

ஓஷினுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அது முடிந்தது. இன்று நம் வீடுகளில் ஓடும் நெடுந்தொடர்களின் பெருங்குறை அவை முடிய மறுப்பதே என்பது என் கருத்து. 2003 முதல் 2009 வரை ஓடிய 'கோலங்கள்' 1,500க்கும் மேற்பட்ட பகுதிகளைக் கண்டது. அதில் தேவயானி ஏற்று நடித்த அபியின் துணிவை நானும் மெச்சியவன்தான். எனினும் கதைக்குத் தேவையான நீளம் வேறு, விளம்பரத்துக்குத் தேவையான நீளம் வேறு. கதை முடிந்த பின்னும் விளம்பரம் முடியாதபோது, மாமியார் மீண்டும் ஒருமுறை நஞ்சு கலக்கத்தான் வேண்டியிருக்கிறது!

இனி விளையாட்டுக்கு வருவோம். என் பாட்டியார் புளியங்கொட்டையை ஒரு புறம் தேய்த்து வெண்மையாக்கித் தாயம் உருட்டுவார். கணிப்பொறி விளையாட்டுகளும் தொடக்கத்தில் ஏறக்குறைய அத்தகைய எளிமையுடனேயே இருந்தன. 1984இல் மொஸ்கோ நகரில் அலெக்சி பஜிட்நோவ் என்னும் ஆராய்ச்சியாளர் உருவாக்கிய 'டெற்றிஸ்', விழும் கட்டைகளை இடைவெளியின்றி அடுக்கும் ஆட்டமேயன்றி வேறில்லை. அதன் சாயலில் வந்த மலிவான கையடக்கக் கருவி ஒன்றை மாசி மகத் தேர்த் திருவிழாவின்போது, மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலடிக் கடையில் என் மகனுக்கு வாங்கிக் கொடுத்தேன். அவன் தூங்கிய பிறகு நான் இரவு பன்னிரண்டு மணி வரை கட்டை அடுக்கியதை இன்று ஒப்புக்கொள்கிறேன். 1997இல் நொக்கியா கைத்தொலைபேசியில் வந்த பாம்பு விளையாட்டும் அப்படித்தான். பாம்பு தன் வாலையே கடித்துக்கொண்டால் ஆட்டம் முடிந்தது. கருவியை ஒருமுறை விலை கொடுத்து வாங்கினோம். அதன்பின் அது நம்மிடம் ஒரு சதமும் கேட்டதில்லை.

விளையாட்டு ஒரு வியாபாரமாவதில் தவறில்லை. உலகப் புகழ் பெற்ற நின்டென்டோ நிறுவனமே 1889இல் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டு செய்யும் கடையாகத் தொடங்கியதுதான். சீட்டுக்கட்டின் விலை கடை வாசலிலேயே சொல்லப்பட்டது. வாங்குபவன் இஷ்டமிருந்தால் வாங்கினான். என் வழக்கு, விலையை மறைத்து "இலவசம்" என்று பெயர் சூட்டும் வியாபாரத்தோடுதான்.

'இலவசம்' என்ற சொல் மாத்தளை மக்களுக்குப் புதிதன்று. நம் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியே நடந்து, இந்த மாத்தளைக்கு வந்தே மலையேறினார்கள். வழிச் செலவுக்கும் அரிசிக்கும் கங்காணி முன்பணம் தந்தார். அந்நேரத்தில் எதற்கும் கைப்பணம் கேட்கப்படவில்லை. தோட்டத்தில் கால் வைத்த பின்னரே கணக்கு விரிந்தது. வேறு தோட்டத்துக்குப் போக விரும்பியவனிடம் 'துண்டு' இருக்க வேண்டும். அவன் கடன் எவ்வளவு, அதைக் கட்டுபவர் அவனை அழைத்துச் செல்லலாம் என்பதே அத்துண்டில் எழுதியிருந்தது. 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை அம்முறை நீடித்தது. இன்றைய இலவச விளையாட்டும் உள்ளே வர ஒன்றும் கேட்பதில்லை. உள்ளே போன பிறகே புதிய சட்டை, புதிய துப்பாக்கி, இன்று ஒரு நாள் மட்டும் திறக்கும் பரிசுப் பெட்டி என்று கணக்கு விரிகிறது. சாட்டையும் கடனும் அங்கில்லை என்பது உண்மை. ஆயினும், விலையைச் சொல்லாமல் வாசலைத் திறந்து வைக்கும் சூத்திரம் இரண்டுக்கும் ஒன்றே.

இது கிழவன் ஒருவனின் வீண் சந்தேகமன்று. 'ஃபோர்ட்நைட்' என்ற விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம், சிறுவர்களின் விவரங்களைச் சேகரித்தமை, வேண்டாத பொருள்களை வாங்கச் செய்தமை ஆகிய குற்றச்சாட்டுகளுக்காக 52 கோடி டொலர் செலுத்துவதற்கு 2022 டிசெம்பரில் அமெரிக்காவில் உடன்பட்டது. சீன அரசு 2021இல், பதினெட்டு வயதுக்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் ஒரு மணித்தியாலம் மட்டுமே இணைய விளையாட்டு ஆடலாமென விதித்தது. கட்டுக்கடங்காத விளையாட்டுப் பழக்கத்தை உலக சுகாதார நிறுவனம் 2019இல் நோய்களின் பட்டியலிலேயே சேர்த்தது.

தொழில்நுட்ப நிறுவனங்களின் அலட்சியத்துக்கு நாம் செலுத்திய விலை பணத்தோடு நின்றுவிடவுமில்லை. 2018 மார்ச்சில், நமக்கு அயலிலுள்ள கண்டி மாவட்டத்தின் திகனப் பகுதியில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. வெறுப்பூட்டும் பதிவுகள் முகநூலில் தங்குதடையின்றிப் பரவின. அரசு ஒரு வார காலம் அத்தளத்தை முடக்க வேண்டியதாயிற்று. தனது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கு அந்நிறுவனம் மன்னிப்புக் கோரியது 2020 மே மாதத்தில்! மலையளவு இலாபம் ஈட்டும் நிறுவனம், ஒரு சிறு நாட்டு மக்களின் மொழியைப் படித்துப் பார்க்கப் போதிய ஆட்களை முன்கூட்டியே அமர்த்தியிருக்கலாகாதா?

இவற்றையெல்லாம் எண்ணியபடியே அந்த வெள்ளிக்கிழமை இரவு பேரனை அருகே அழைத்து விசாரித்தேன். புத்தகப் பை வாங்கப் பாட்டி கொடுத்த பணத்தில் 1,850 ரூபா அந்த விளையாட்டுக்குள் போயிருந்தது. எதற்கென்று கேட்டேன். தலை குனிந்தான்.

"அப்பா பிறந்த நாளுக்கு ஒரு சிவப்புக் கோட்டு அனுப்பினேன் தாத்தா."

திரையிலே கண்ட அந்தச் சிப்பாய் உண்மையிலேயே சிவப்புக் கோட்டு அணிந்திருந்தான். எனக்கு வாயடைத்துப் போயிற்று. மறுநாள் மகனோடு பேசியபோது, பணம் வீணாய்ப் போனதே என்று குறைப்பட்டேன். அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அவன் எனக்கு வாங்கித் தந்த முதல் சட்டை அப்பா அது" என்றான்.

இதற்கு என்ன தீர்ப்பு வழங்குவது? பாசம் குற்றமன்று. அப்பாசம் ஊறும் இடத்தில் கடை விரித்து, அணிய முடியாத கோட்டை ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு விற்றவர்களைத்தான் என்னால் மன்னிக்க இயலவில்லை.

இப்பொழுது எங்கள் வீட்டில் சில ஏற்பாடுகள் செய்துள்ளோம். வெள்ளிக்கிழமை மாலை ஒன்றரை மணித்தியாலம் தகப்பனுக்கும் மகனுக்கும் உரியது. அதில் எவரும் குறுக்கிடுவதில்லை. விளையாட்டுக்குள் ஒரு ரூபாவும் செலுத்துவதில்லை. ஏனைய நாள்களில் கருவி மருமகளிடம் இருக்கும். புத்தகப் பையை நான் வாங்கிக் கொடுத்தேன். அதற்கு ஈடாக, தோட்டத்து மிளகுக் கொடிகளுக்குப் பேரன் நான்கு ஞாயிற்றுக்கிழமை பசளை இட்டான். அந்த விளையாட்டையும் அவனிடம் ஒரு நாள் கற்றுக்கொண்டேன். இரண்டு நிமிடத்துக்குள் இறந்துபோனேன். அன்று அவன் சிரித்த சிரிப்பை நெடுநாள்களின் பின் கேட்டேன்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு நிலவியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த இருளில், மண்ணெண்ணெய் விளக்கொளியில், நாங்கள் குடும்பமாக அமர்ந்து தாயம் ஆடினோம். பழைய விளையாட்டு புதியதைக் காட்டிலும் உயர்ந்தது என்பதனால் அன்று நாங்கள் மகிழவில்லை. எதிரே ஆடியவர் நம்மவராய் இருந்தார் என்பதே காரணம். மின்சாரம் வந்ததும் அவரவர் அவரவர் திரைக்குத் திரும்பினோம். பையன் மட்டும் தன் திரைக்குள்ளும் நம்மவர் ஒருவரையே தேடியிருக்கிறான். அதை அறிய எனக்குத்தான் இத்தனை காலம் ஆயிற்று.

ஆகவே பெற்றோருக்கும் என்னை ஒத்த முதியோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் கையிலிருந்து கருவியைப் பறிக்குமுன் ஒரு மாலை அவன் அருகே அமருங்கள். அவன் யாரோடு ஆடுகிறான், அதற்கு யார் என்ன விலை வாங்குகிறார்கள் என்ற இரண்டையும் கேளுங்கள். மாணவர்களுக்கும் ஒரு சொல். எந்த வாசலிலும் 'இலவசம்' என்று கண்டால், உள்ளே கால் வைக்குமுன் துண்டைக் கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள்.

தை மாதம் என் மகன் விடுமுறையில் வருகிறான். புளியங்கொட்டைகளைத் தேய்த்து வைத்திருக்கிறேன்.