எல்லைக்கு அந்தப் பக்கம் போன டேனியல்

மலையாள சினிமாவின் தந்தை யார்னு கேட்டால் கேரளத்துப் பிள்ளைகள் பட்டென்று ஜே.சி.டேனியல் என்பார்கள். அவர் அகஸ்தீஸ்வரத்துக்காரர் என்பது திருவட்டாறு பஸ் ஸ்டாண்டில் நிற்கும் எத்தனை பேருக்குத் தெரியும்?

களரியில் பைத்தியம் பிடித்தவர் டேனியல். அதைப் படம்பிடித்து உலகத்துக்குக் காட்டத்தான் முதலில் ஆசைப்பட்டார். அந்த ஆசை வளர்ந்து, சொத்தை விற்று, திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்று ஸ்டுடியோ வைக்கும் அளவுக்குப் போனது. எல்லோரும் புராணப் படம் எடுத்த காலத்தில் இவர் எடுத்தது சமூகக் கதை, 'விகதகுமாரன்'. இலங்கைக்குக் கடத்தப்படும் ஒரு பையனின் கதை. எழுத்து, இயக்கம், கேமரா, கதாநாயகன் எல்லாம் அவரே. (1928-ல் வந்தது என்றும் 1930-ல் வந்தது என்றும் இன்னும் சண்டை நடக்கிறது.)

நாயகி பி.கே.ரோசி, தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பெண். படத்தில் நாயர் பெண்ணாக நடித்தார். அதுதான் குற்றம்! கேபிடால் தியேட்டரில் திரையின் மேல் கல் விழுந்தது. ரோசி ஊரைவிட்டே ஓட வேண்டியதாயிற்று. ஸ்டுடியோவும் போனது. கடன்பட்ட டேனியல் பல் டாக்டர் ஆனார்.

இதைவிடக் கொடுமை பிறகு நடந்தது. வயதான காலத்தில் கேரள அரசிடம் உதவித்தொகை கேட்டபோது, நீங்கள் தமிழ்நாட்டுக்காரர் என்று கையை விரித்துவிட்டார்கள். அவர் படம் எடுத்தபோது அகஸ்தீஸ்வரமும் திருவட்டாறும் திருவனந்தபுரமும் ஒரே ராஜ்யம். 1956 நவம்பர் 1-ல் நான்கு தாலுகாக்கள் இந்தப் பக்கம் வந்தன. நகர்ந்தது கோடுதான், டேனியல் இல்லை. முதல் மலையாளப் பேசும்படமான 'பாலன்' (1938) சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பு. அதை மலையாளப் படம் இல்லை என்று யாராவது சொன்னார்களா? தமிழ்நாடாவது இவரைக் கொண்டாடியதா என்றால், அதுவும் இல்லை. இத்தனைக்கும் அது ஊமைப்படம். அதில் யாரும் மலையாளமும் பேசவில்லை, தமிழும் பேசவில்லை.

1975-ல் அகஸ்தீஸ்வரத்திலேயே இறந்தார். 1992-ல் கேரள அரசு தன் உயரிய திரைப்பட விருதுக்கு அவர் பெயரை வைத்தது. 2013-ல் கமல் (மலையாள இயக்குநர், நம்ம கமல் இல்லை) 'செல்லுலாய்ட்' எடுத்தார், பிருத்விராஜ் டேனியலாக நடித்தார். ஆனால் 'விகதகுமாரன்' ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. சின்னப் பையனாக இருந்த மகன், ரீல் எரியும்போது வரும் வெளிச்சத்தை வேடிக்கை பார்க்கக் கொளுத்தி விளையாடியதாகச் சொல்வார்கள்.