பிழையின் கிரமம்

அரசுப் பள்ளிகளில் ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். பசியோடு வருகிற பிள்ளை, வேலை தேடிப் போகும் பெற்றோருடன் வாரக்கணக்கில் வெளியூர் போய்விடுகிற பிள்ளை, வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளை, கரும்பலகை கண்ணுக்குத் தெரியாமலே பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை எல்லோரும் அதில் கலந்திருக்க, அவர்கள் நடுவே, கேட்ட கதையைப் பிசகின்றித் திருப்பிச் சொல்லவும் மனக்கணக்குப் போடவும் வல்லதாயிருந்தும், அச்சிட்ட நான்கு சொற்களுக்கு முன்னால் நாவெழாமல் நிற்கும் ஒரு பிள்ளையும் இருக்கும். டிஸ்லெக்ஸியா என்னும் கற்றல் குறைபாடுள்ள அந்தப் பிள்ளையை இனங்காண்பதே, வட்டார வள மையத்திலிருந்து பள்ளி பள்ளியாகச் செல்லும் என் போன்ற சிறப்புப் பயிற்றுநர்களுக்கு முதற் காரியம். அதற்குப் பிரதானமான கருவி செவிதான் என்பது என் அனுபவம்.

பிள்ளை வாய்விட்டுப் படிக்கையில் பிழைகளை எண்ணுவதைக் காட்டிலும், அவை எந்தக் கிரமத்தில் விழுகின்றன என்று கவனிக்க வேண்டும். ‘பட்டம்’ என்பது ‘படம்’ ஆகிறதா, ‘மரம்’ என்பதிலுள்ள ரகரத்தைத் துணைக்காலாகக் கொண்டு ‘மாம்’ என்கிறதா, ‘கொடி’ என்னும் சொல்லில் கண்ணுக்கு முதலில் படும் கொம்பின் ஒலி நாவில் ககரத்துக்குப் பின்னரே வரவேண்டியிருப்பதால் அங்கே திகைக்கிறதா என்பவற்றையெல்லாம் குறித்துக்கொள்கிறேன். ளகர ழகர பேதம் பல ஊர்களின் பேச்சிலேயே இல்லாதது. அதை மட்டும் கொண்டு எந்தப் பிள்ளையையும் சந்தேகிக்கலாகாது. ஞாபகசக்தி மிக்க சில பிள்ளைகள், அடுத்த பிள்ளை படிப்பதைக் கேட்டே பாடம் முழுவதையும் மனனம் செய்து, வரியின்மேல் விரலை ஓட்டியபடி ஒப்பித்துவிடுவதுண்டாகையால், ‘தபுமி’, ‘நோரகு’ என்பன போன்ற பொருளற்ற சொற்களையும் எழுதிக் காட்டுகிறேன். அவற்றை ஊகத்தாலோ ஞாபகத்தாலோ படித்துவிட முடியாது.

இன்னொரு விஷயம் வேகம். தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஆங்கிலத்தைவிட ஒழுங்குடையதாதலால், இக்குறைபாடுள்ள பிள்ளைகளிற் பலர் ஐந்தாம் வகுப்புக்குள் பெரும்பாலும் பிழையின்றியே படிக்கத் தேறிவிடுகிறார்கள். ஆனால் எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி வாக்கியத்தின் முடிவுக்கு வரும்போது அதன் தொடக்கம் அவர்களுக்கு மறந்துபோயிருக்கும். பிழையை மட்டும் தேடும் பரிசோதனையில் இவர்கள் அகப்படுவதில்லை.

1995ஆம் ஆண்டின் சட்டத்தில் இடம்பெறாத இக்குறைபாடு, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கணக்கிலெடுத்த 21 வகைகளுள் ஒன்றாயிற்று. ஆயினும் எட்டு வயது நிறைந்த பிறகே சான்றிதழ் கிடைக்கும். ஆறு வயதுப் பிள்ளைக்கு உதவி செய்யச் சான்றிதழ் எதற்கு? சந்தேகம் தோன்றிய வாரத்திலேயே கண்ணையும் காதையும் வைத்தியரிடம் காட்டிவிட்டுப் பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும் என்பதே என் உறுதியான அபிப்பிராயம்.

அமெரிக்க நரம்பியல் வைத்தியர் ஸாமுவேல் ஆர்ட்டன் காட்டிய வழியில் அன்னா கில்லிங்ஹாம் என்னும் ஆசிரியை வகுத்த முறையில், கண், செவி, கை மூன்றும் சேர்ந்தே ஓர் எழுத்தைக் கற்கின்றன. மணலில் விரலால் எழுதிக்கொண்டே உரக்கச் சொல்லும் நம் திண்ணைப் பள்ளி வழக்கம் அதற்கு வெகு அண்மையிலிருந்தது. சொல்லைக் கைதட்டிப் பிரித்தல், ஒரே பத்தியைப் பல நாள் படித்தல் ஆகியவற்றுக்கு நாள்தோறும் இருபது நிமிஷம் போதும். விட்டுவிட்டுச் செய்தால் பயனில்லை.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில், இக்குறைபாடுள்ள பிள்ளைகளுக்குச் சொல்வதை எழுதுபவரை வைத்துக்கொள்ளவும் கூடுதலாக ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. ஆனால் விடையை வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிப் பழகாத மாணவன், தேர்வறையில் அறிமுகமில்லாத ஒருவர் முன்னால் அமர்ந்து திணறுகிறான். எட்டாம் வகுப்பிலிருந்தே இதைப் பழக்க வேண்டும்.

ஐந்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போகும்போது, ஒரு பிள்ளையைப் பற்றி அதன் ஆசிரியை அறிந்திருந்ததெல்லாம் பழைய பள்ளியிலேயே நின்றுபோகிறது. ஆதலால் மாற்றுச் சான்றிதழோடு என் கையெழுத்தில் ஒரு பக்கமும் அனுப்புகிறேன்: இன்னும் மயங்கும் எழுத்துக்கள் எவை, எவ்வளவு அவகாசம் வேண்டும், வாய்மொழியாகக் கேட்டால் எந்தப் பாடங்களில் விடை வரும், வகுப்பின் முன் எழுப்பிப் படிக்கச் சொல்ல வேண்டாம் என்று. ஆறாம் வகுப்பு ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் மேலும் விசாரிப்பாரானால், அந்த வருஷம் அந்தப் பிள்ளைக்கு வீணாவதில்லை.