போடி மலையும் ஒடிந்த காலும்

போடிநாயக்கனூரில் பொழுது விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு முந்தலைத் தாண்டினால் மலைப்பாதை. 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டினால் கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்கள். இன்னொரு பக்கம், கொட்டகுடி ஆற்றை ஒட்டிய சாலை குரங்கணிக்குப் போகிறது. அங்கிருந்து மேலே பல இடங்களுக்கு இன்றும் ஒற்றையடிப் பாதைதான். சாலை எட்டாத மலைக் கிராமங்களுக்குச் சாமான் ஏறுவதும், காப்பியும் மிளகும் இறங்குவதும் குதிரை, கழுதைகளின் முதுகில்.

அடிவாரத்தில் மலைமாடுகளும் ஆடுகளும் மேய்கின்றன. மழை பெய்தால் பாறை வழுக்கும். இடுக்கில் மாட்டிய காலை மாடு வெடுக்கென்று இழுத்தால் எலும்பு முறிந்துவிடும். கால் ஒடிந்த உருப்படியை வந்த விலைக்குத் தள்ளிவிடுவதுதான் பழைய வழக்கம். எல்லா முறிவுக்கும் அந்த முடிவு தேவையில்லை.

கன்றுக்குட்டியின் கீழ்க்கால் எலும்பு தோல் கிழியாமல் முறிந்திருந்தால், பெரும்பாலும் மாவுக்கட்டிலேயே கூடிவிடும். கட்டு நிற்காத இடத்து முறிவுக்குத்தான் கம்பி, பிளேட், ஸ்குரூ. அதற்குத் தேவை டிரில்.

போடி கடைத்தெருவில் கிடைக்கும் டிரில்லும் அறுவை அரங்கில் இருக்கும் டிரில்லும் மோட்டாரில் உறவுக்காரர்கள்தான். வித்தியாசம் இரண்டு. முதலாவது, சுத்தம். எலும்பு டிரில்லை நீராவி அழுத்தத்தில் வைத்துக் கிருமி நீக்கலாம். மரவேலை டிரில் அதைத் தாங்காது. வசதி குறைந்த ஊர்களுக்காக, சாதாரண டிரில்லின் மேல் போர்த்தும், கிருமி நீக்கிய உறையைக் கனடாவில் வடிவமைத்தார்கள். உகாண்டா மருத்துவமனையில் தொடங்கிய அந்த யோசனை கால்நடை மருத்துவத்துக்கும் வந்திருக்கிறது.

இரண்டாவது, சூடு. எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே அதன் உயிரணுக்கள் கெடத் தொடங்கும். கெட்ட எலும்பில் ஸ்குரூ பிடிக்காது, ஆடிவிடும். அதனால் கிரானைட் அறுக்கும்போது தண்ணீர் விடுவதுபோல, துளையிடும் இடத்தில் சலைன் ஊற்றிக்கொண்டே, கூர்மையான பிட்டால் நிதானமாகத் துளையிடுகிறார்கள். 4.5 மி.மீ. ஸ்குரூவுக்கு 3.2 மி.மீ. துளை. கையால் திருகினால் கம்பி ஆடி, துளை அகலமாகிவிடும். டிரில் நேராகப் போகும்.

ஆனால் டிரில்லால் எடையைக் குறைக்க முடியாது. ஆடு, கன்றுக்கு நம்பிக்கை அதிகம். 300 கிலோ பசுவைப் படுக்கையில் வைத்துக் குணப்படுத்த முடியாது. எழுந்தவுடன் முழு எடையும் அந்த பிளேட்டின் மேல்தான். தொடை எலும்பு முறிந்த பெரிய மாட்டுக்கு மருத்துவர் தயங்குவது அதனால்தான்.

பாதி வைத்தியம் மலையிலேயே முடிந்துவிடுகிறது. முறிந்த முனை தோலைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டால் கிருமி புகும். பிறகு எந்தக் கருவியும் திணறும். எனவே ஒடிந்த காலோடு நடத்தக் கூடாது, நீவக் கூடாது, எண்ணெய் போடக் கூடாது. கீழ்க்கால் முறிவென்றால் துணியைச் சுற்றி, மூங்கில் தப்பையோ நீளவாக்கில் பிளந்த பிவிசி குழாயோ வைத்துக் கட்ட வேண்டும். முறிவுக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் கட்டுக்குள் வர வேண்டும். முறிந்த இடத்திலேயே முடியும் தப்பை, ஊசல்போல ஆடி எலும்பை இன்னும் கிழிக்கும். தொடையில் முறிந்தால் கட்டாமல், அசையாமல் படுக்கவைத்துக் கொண்டுவருவதே மேல். புண் இருந்தால் சுத்தமான துணியால் மூடினால் போதும்.

சாலைக்கு வந்துவிட்டால் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962. போடியிலிருந்து 15 கிலோமீட்டர் தள்ளியுள்ள தேனியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெரிய அறுவைக்கு, சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கல்லூரி வரை வழி உண்டு. அந்த முறிவுக்கு அறுவை செய்ய முடியுமா என்று கிளம்பும் முன் கேட்டுக்கொண்டால் வண்டிக் கூலியும் நேரமும் மிச்சம்.

சாயங்காலம் ஜீப்புகள் ஆட்களோடு இறங்குகின்றன. அவற்றில் ஒன்றில் இரண்டு தப்பையும் பழைய வேட்டித் துணியும் கிடந்தால், ஒரு வீட்டின் பால் வருமானம் தப்பும்.